தங்க மயிலும் எவர்சில்வர் குடமும்

என் ராசாவுக்கு,

மயில் வந்துவிட்டது. நீ நம் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டுப் போனாயே, அந்தத் தோட்ட விளையாட்டு, அதில் இன்று காலை பெட்டியைத் திறந்தேன், தங்க மயில் தோகையை விரித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் போட்ட கூச்சலில், அந்தப் பக்கம் தாள் வெட்டிக்கொண்டிருந்த உன் அப்பா மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "என்ன புள்ள, தேளு கொட்டிருச்சா" என்றார். தேளெல்லாம் இல்லை, மயில் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷினுக்கே திரும்பிப் போனார். அந்த மனுஷனுக்கு எதைத்தான் ரசிக்கத் தெரியும்? இந்த வயதில் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன் என்றால் நம்புவாயா? குதித்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பையனுக்குப் பெண் அமைந்துவிட்டதா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்று சொல்லியிருப்பேன், அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது கரண்ட் போய்விட்டது. இனி சாயங்காலம்தான் வரும். மெஷின் நின்றுவிட்டதால் உன் அப்பா சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். எனக்கு மட்டும் காலையில் பிடித்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை. ஆனால் அது காலையில் இருந்த படபடப்பு இல்லை, இடையில் வேறொன்றாக மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாம்தான். ஃபோனில் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், எனக்குத் தெரியாதா? அதனால் வேஸ்ட் காலண்டர் தாளின் முதுகில் எழுதுகிறேன். மறுபக்கம் முருகனுக்கு அச்சில் சிவப்பு விலகி ரெண்டு வேல் தெரியும், சிரிக்காதே. திங்கட்கிழமைக்குள் இது உன் கைக்கு வர வேண்டும். சிவகாசியிலிருந்து கொரியரில் போடச் சொல்கிறேன்.

பங்குனிப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது அந்த விளையாட்டை எங்களுக்குக் காட்டினாய். எங்கெங்கோ நாட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தோட்டம் போடுகிறார்கள், தோட்டத்துக்குப் பறவைகள் வேண்டும், பறவை வேண்டுமென்றால் பெட்டி வாங்கித் திறக்க வேண்டும். உள்ளே குருவி இருக்கலாம், மைனா இருக்கலாம், யாருக்கோ தங்க மயில் இருக்கலாம். விளையாட்டில் சேர்த்த காசு தீர்ந்துவிட்டால் நிஜக் காசு கொடுத்துப் பெட்டி வாங்கலாம். அந்தப் பெட்டிக்கென்றே உன் கம்பெனியில் தனியாக ஒரு குழு அமைக்கிறார்கள், அதற்கு உன்னைத் தலைவனாக்கப் போகிறார்கள், சம்மதமா என்று வருகிற இந்தத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றாய். "நீ என்னம்மா சொல்ற" என்று என்னைத்தான் கேட்டாய், உன் அப்பாவைக் கேட்கவில்லை. நானும் வாயில் இருந்த சீவலோடு, "போலே, போய்ச் சேரு, இதுக்கெல்லாம் யோசிப்பாகளா" என்றேன். தலைவன் என்ற சொல்லே என்னை மயக்கிவிட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது பாதி திரும்ப வாங்குகிறேன். முழுசாக இல்லை. பொறுமையாகப் படி.

அன்றைக்கு நான் பெட்டி பெட்டியாகத் திறந்தேன், உனக்கு நினைவிருக்கும். நீ கொடுத்த காசெல்லாம் சோதனைக்கு வைத்திருக்கும் சும்மாக் காசுதான் என்று தெரிந்தும் எனக்கு வெறி பிடித்தது. குருவி, குருவி, மைனா, மறுபடியும் குருவி. ஒவ்வொரு தடவையும் மயிலின் படம் வந்து, ஒரு நொடி நின்று, நழுவிப் போனது. கடைசியில் என் கையையே பார்த்துக்கொண்டு, என் கைராசி எங்கே போனது என்று புலம்பினேன். நீ சிரித்தாய். "எம்மா, ஒன் கையில என்ன இருக்கு. மயில இன்னும் உள்ள போடவே இல்ல. நீ அலுத்துப்போய் எந்திரிக்கிற நேரம் பாத்துத்தான் அது போடும்" என்றாய். பெருமையாகத்தான் சொன்னாய். ஒவ்வொரு ஆளும் எப்போது அலுத்துப்போவான் என்று அந்த விளையாட்டுக்குத் தெரியுமாம், அந்தக் கணக்கில் உன் மூளையும் இருக்கிறதாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உன் அப்பா மட்டும் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனார். வீட்டில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

இன்று காலை மயில் வந்தபோது எனக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. குதித்து முடித்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கியபின்தான் உறைத்தது. அந்தப் பெட்டியைத் திறக்கும் முன் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? போதும், இன்னும் ஒன்றே ஒன்று, பிறகு எழுந்துபோய் உலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சரியாக அந்தப் பெட்டியில் மயில். நான் எழுந்திருக்கப் போகிறேன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது! உலை பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது. நான் திரும்ப உட்கார்ந்து, மயிலுக்கு ஜோடி வேண்டும் என்று அடுத்த பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்தக் குடம் ஞாபகம் வந்தது.

குடத்துக் கதையை நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். நான் கலியாணத்துக்கு முன் தாயில்பட்டியில் ஒரு வெடி ஆபீசில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கட்டும் வேலை பார்த்தேன். பெட்டியின் மேலே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கி மூட வேண்டும். மூடியபின் மேசையில் ஒரு சரமோ சங்குசக்கரமோ மிச்சம் கிடந்தால் தொலைந்தது. எந்தப் பெட்டியிலோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம். ஃபோர்மேன் அத்தனையையும் பிரிக்கச் சொல்லுவார். அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம், பக்கத்தில் தனியாக எது கிடந்தாலும் கை தானாக அதை எடுத்து உள்ளே போட்டுவிடும். அந்தக் கையோடுதான் திருத்தங்கலுக்கு வாக்கப்பட்டு வந்தேன்.

உன் அப்பா அப்போது திருவிழாக் கடைகளுக்குப் பரிசுச் சீட்டு செட் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய அட்டையில் பரிசுப் படங்களும் நம்பர்களும், ஒரு பை நிறைய மடித்து ஒட்டிய சீட்டுகள். கடைக்காரர் சீட்டுகளை டப்பாவில் கொட்டி வைப்பார், காசு கொடுத்துவிட்டுக் கையை விட்டு ஒன்று எடுக்க வேண்டும். சீப்பு, பலூன், சோப்பு டப்பா எல்லாம் விழும். மேலே கயிற்றில் எவர்சில்வர் குடம் தொங்கும். அந்தக் குடத்தைப் பார்த்துத்தான் ஜனம் வரும். ஒவ்வொரு பையோடும் சின்னதாக ஒரு கவர் இருப்பதைப் பார்த்தேன். உள்ளே குடத்துச் சீட்டும் சுவர்க் கடிகாரத்துச் சீட்டும் என்று கவர் மேலேயே எழுதியிருந்தது. பார்த்ததும் பதறிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் இப்படி முக்கியமானதை மறந்து வெளியே விட்டிருக்கிறார்களே, நாளைக்கு லோடு போக வேண்டுமே என்று, உன் அப்பா வெளியே போயிருந்த பகல் முழுக்க உட்கார்ந்து, அத்தனை கவரையும் பிரித்து, அத்தனை பையிலும் சீட்டுகளைக் கலந்து குலுக்கி, கவர்களை முன்போலவே ஒட்டியும் வைத்துவிட்டேன். பெருமை வேறு. யாரும் கேட்காமலேயே செய்தேன் பார்.

கவர் என்பது கடைக்காரர் சட்டைப்பையில் இருக்க வேண்டிய சரக்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்? டப்பா காலியாகப் போகும்போது போட்டால் போடுவார், இல்லாவிட்டால் குடத்தைக் கழற்றி அடுத்த திருவிழாவுக்கு எடுத்துப் போவார். எல்லா செட்டும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாருமே என்னிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு உன் அப்பா என்னை விருதுநகருக்குக் கூட்டிப் போனார். தலைப்பொங்கல் வேறு, புதுச்சேலை, எனக்குக் காலே தரையில் படவில்லை. நம் செட்டு தொங்கிய கடையைக் காட்டுகிறேன் என்று கூட்டத்துக்குள் இழுத்துப் போனார். நாங்கள் போய் நிற்கவும், ஒரு அம்மா டப்பாவுக்குள் கையை விடவும் சரியாக இருந்தது. வெடி ஆபீசில் வேலை பார்க்கிறவர் என்று நகக்கண்ணில் இருந்த வெள்ளிப் பொடியைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். சீட்டைப் பிரித்துக் கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். அதற்குள் பின்னால் இருந்த யாரோ நம்பரைப் படித்துவிட்டார்கள். "கொடம்லே, கொடம்" என்று கூட்டம் முழுக்கச் சத்தம். கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்துக் கிழித்தார். கவர் காலி. அப்படியே உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நான்தான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "நாந்தாங்க அம்புட்டையும் உள்ள கலந்துவிட்டேன். வெளிய கெடந்துச்சு, மறந்துட்டீக போலன்னு."

நீ சிரிப்பாய் என்று தெரியும். நானும் இன்றைக்கு நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அன்றைக்குக் கடைக்காரர் பேசிய பேச்சை எழுத முடியாது. ஆனால் குடம் இறங்கியது. இத்தனை பேர் பார்க்க எப்படி இறக்காமல் இருப்பது? அந்த அம்மா அதை இடுப்பில் வாங்கிக்கொண்டபோது, எனக்கே விழுந்த மாதிரி நான் கைதட்டினேன். உன் அப்பா என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். பஸ் ஏறும் வரை கையை விடவில்லை.

சிவகாசி பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் யார் என்று நினைக்கிறாய்? அதே அம்மாதான். மடியில் குடம். ஏறுகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், அவரும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்கிறார். தாயில்பட்டிக்காரர், நான் வேலை பார்த்த ஆபீசுக்குப் பக்கத்து ஆபீஸ். பேச்சுக் கொடுத்தேன். அப்போது அவர் சொன்னதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "வருசா வருசம் கைய விட்டுட்டு வெறுங்கையாப் போவேன்த்தா. என் கையில ராசி இல்லன்னு புது வேல தொடங்குனா என்னைய மொதக் கை வைக்க விட மாட்டாக. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். இனி வைப்பேன்ல." சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மா இத்தனை வருஷம் கையை விட்ட டப்பாவில் குடமே இருந்ததில்லை. அது தெரியாமல் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். போன காசு அவர் கணக்கிலேயே இல்லை, ராசா. திருவிழாவில் அதற்கென்றே முடிந்து வைத்திருந்த சில்லறைதானே. கை மேல் வைத்திருந்த நம்பிக்கை போனதுதான் போனது. நாங்கள் திருத்தங்கலில் இறங்கியதும் உன் அப்பா முதன்முதலாக வாயைத் திறந்தார். "இனிமே கவரு வேண்டாம் புள்ள" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் தொழில் ஓகோ என்று வளர்ந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி நடக்கவில்லை. விருதுநகர் கடையில் குடம் விழுந்த சேதி பரவி, அடுத்துக் கடிகாரமும் விழும் என்று ஜனம் மொய்த்து டப்பா சாயங்காலத்துக்குள் காலியானது உண்மை. அதே சமயம் சாத்தூர் பக்கம் ஒரு கடையில் முதல் கையிலேயே குடம் போய்விட, மிச்சச் சீட்டைச் சீண்ட ஆளில்லாமல் அந்தக் கடைக்காரர் செட்டைத் திருப்பி அனுப்பினார். பாதிக் கடைக்காரர்கள் அடுத்த சீசனில் கவர் கொடுக்கிற ஆளிடம் போய்விட்டார்கள். நாங்கள் காலண்டருக்கும் வெடிப் பெட்டி லேபிளுக்கும் மாறியது அதனால்தான். நேர்மைக்கு லாபம் கூடுதல் என்று உன் முதலாளிகளிடம் போய்ச் சொல்லிவிடாதே, அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவார்கள். சில சமயம் குறையும். குறைந்த லாபத்திலும் உன்னைப் படிக்க வைத்தோம், நீயும் ஒன்றும் இளைத்துப் போகவில்லை.

இப்போது உன் பெட்டிக்கு வருகிறேன். அதை நான் வெறுக்கவில்லை. பிரிக்கிற வரை உள்ளே என்ன என்று தெரியாமல் இருப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ராக்கெட் மேலே போய் வெடிக்கும் வரை பச்சையா சிவப்பா என்று தெரியாமல் அண்ணாந்து நிற்கிற ஊர் இது. ஆனால் எங்கள் கிஃப்ட் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று வெளியே அச்சடித்திருக்கும், அப்படியும் பிள்ளைகள் அதைப் பிரிக்கும்போது எப்படிக் குதிக்கும், நீயே குதித்திருக்கிறாய். தெரிந்தால் ஆசை போய்விடும் என்று உங்கள் ஆட்கள் சொன்னால் நம்பாதே.

இன்னொன்று. கவர் வைத்த அந்தத் திருட்டு டப்பாவுக்கும் கை போய்த் தட்டுகிற ஒரு அடி உண்டு. சீட்டு தீர்ந்தால் தீர்ந்தது. திருவிழா முடிந்தால் கடையைப் பிரிப்பார்கள், அம்மா அப்பா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். கடைக்காரரும் எங்கள் முகம் பார்த்துத்தான் ஏமாற்ற வேண்டும், கொஞ்சம் கூச்சமாவது இருக்கும். உன் பெட்டிக்கு அடியே இல்லை. திறக்கத் திறக்க வருகிறது. ஏதோ ஊரில் முகம் தெரியாத ஒரு பிள்ளை உட்கார்ந்து விளையாடி, எழுந்திருக்கலாம் என்று நினைக்கிற நேரம் பார்த்து நீ மயிலைக் காட்டுகிறாய். அடுப்பில் உலை வைத்த எனக்கே எழுந்திருக்க முடியவில்லை. உலை வைக்க வேண்டியதில்லாத பிள்ளை எப்படி எழுந்திருக்கும்? மயில் வராத பிள்ளை ராத்திரி படுக்கும்போது யாரைக் குறை சொல்லும்? உன்னையா? உன்னை அதற்குத் தெரியாது. தன் கையைத்தான் சொல்லும்.

நீ இல்லாவிட்டால் இன்னொருத்தன் அந்த நாற்காலியில் உட்காருவான் என்று சொல்வாய். ஆமாம், உட்காருவான். அதனால்தான் நீ உட்கார் என்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து இங்கே லேபிள் வெட்டச் சொல்லவில்லை. சம்மதம் சொல்லு. சொல்லும்போதே, மயிலை முதல் நாளே பெட்டிகளுக்குள் கலந்துவிடுவேன், எத்தனை பெட்டிக்கு ஒரு மயில் என்று மூடியில் எழுதுவேன், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டப்பாவுக்கு ஒரு அடி வைப்பேன், இதற்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம் என்று சொல்லு. நீ படித்தவன், இதையே அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி சொல்ல உனக்குத் தெரியும். எனக்கு இப்போதே உன்னை அந்த நாற்காலியில் பார்க்கிற மாதிரி இருக்கிறது, கை கால் எல்லாம் பரபரக்கிறது. முடியாது என்று அவர்கள் சொன்னால், பெட்டி படுக்கையைக் கட்டு. இன்னொரு கம்பெனி கிடைக்கும் வரை என் சமையலைத் தின்றுகொண்டு, எனக்கு வேறு நல்ல விளையாட்டாகக் கற்றுக்கொடு. ஊரில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியதை உன் அப்பாவை எழுப்பிப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். உனக்கு அவர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்து சொன்னார். "திங்கக்கெளமையில இருந்து கவரு அவன் சட்டப்பையில இருக்கும். அது அவனுக்குத் தெரியுமான்னு கேளு."

கேட்டுவிட்டேன், ராசா. கரண்ட் வந்துவிட்டது, அவர் மெஷினைப் போட்டுவிட்டார், கொரியர் ஆபீஸ் மூடும் முன் நான் ஓட வேண்டும். நான் ஒன்றும் தெரியாமல் கலந்துவிட்டேன். அதற்கே ஒரு அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். நீ எல்லாம் தெரிந்தவன். நீ கலந்துவிடு.

உன் அம்மா